சோன் ஆற்றில் கந்தசஷ்டி

"ரிட்டயர் ஆன ஆக்கள் ஆரிட்டையும் கேட்டுப் பாப்பம் எண்டு யோசிச்சன் அக்கா. அதுதான் உங்களுக்கு எடுத்தனான்" என்று நிஷாந்தி தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முப்பத்துநான்கு வயது. என் மகள் மசித்த கரட்டைத் துப்பி என் மூக்குக்கண்ணாடியில் பூசிக்கொண்டிருந்தாள்.

நான் ஓய்வுபெறவில்லை. வேலையை விட்டேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓய்வூதியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஓய்வும்தான் என்று இப்போது தெரிகிறது. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. நாங்கள் இருக்கும் மொன்றியல் ஓரத்து இல்-பிசாரில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்குக் குளிரில் நிற்கவேண்டும். வாரக்கணக்கில் பிரான்சுக்குப் போகும் வேலையும் கைக்குழந்தையும் ஒத்துவரவில்லை. "கொஞ்ச நாளைக்கு வீட்டில நில்லும்" என்றார் கணவர். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் அன்று கேட்டிருக்கவேண்டும்.

நிஷாந்தி இப்போது இருப்பது என்னுடைய கதிரையில். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில், பாற்கட்டிக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் சின்னப் பயண நிறுவனம் அது. விற்பது ஒரே ஒரு சரக்கு: பிரான்சின் வைன் பிரதேசங்கள் வழியாக ஆற்றுக் கப்பலில் சாப்பாட்டுப் பயணம். பயணிகளின் உணவு பற்றிய கேள்விகளுக்கு முன்பு நாங்கள் பதில் எழுதினோம். இப்போது ஒரு கணினி நிரல் எழுதுகிறது. தமிழ் அம்மா ஒருவர், தான் பயணத்தின்போது விரதம் இருப்பதாகவும் கப்பலில் அதற்கு என்ன செய்வார்கள் என்றும் கேட்டாராம். எங்களிடம் கலோரி குறைந்த உணவுகள் ஏராளம் உண்டு, மகிழ்ந்து உண்ணுங்கள் என்று நிரல் அழகான பிரெஞ்சில் பதில் அனுப்பியதாம். அம்மா திரும்பவும் கேட்டிருக்கிறார். நிரல் சலாட் தருவதாகச் சொல்லியிருக்கிறது.

"நான் என்ன எழுதுறது அக்கா? உங்களுக்கு இப்பிடி ஒண்டு நடந்ததாமே."

நடந்தது. அவளுக்கு நாலு வரி எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல்கலைக்கழகத்தில் சுற்றுலா நிர்வாகம் படித்துவிட்டு வந்தவளுக்கு அவர்கள் முதலில் கற்றுத்தந்தது துப்புவது. வைனை வாயில் எடுத்து, நாக்கில் உருட்டி, வாளிக்குள் சிந்தாமல் துப்பவேண்டும். வெள்ளிக்கிழமையில் முட்டைகூடச் சேர்க்காத வீட்டில் வளர்ந்த நான் அதில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். என் முகத்தில் விருப்போ வெறுப்போ தெரியவில்லை, அதுதான் தொழில்முறை என்று ஆசிரியர் பாராட்டினார். அது பயம். அத்தனை வருடமும் வைன் விற்றேன், ஒரு மிடறு விழுங்கியதில்லை. பிரிவுபசாரத்தில் தந்த போத்தல்கூட அரிசிச் சாக்குக்குப் பின்னால் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பதென்று முடிவெடுக்கமுடியவில்லை.

என் மேலாளர் ஜினெத் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கியூபெக் நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர். தொலைபேசி அடித்தால் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றுதான் எடுப்பார். பயணியின் பிரச்சினையை உட்கார்ந்துகொண்டு கேட்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கேட்கும்போது ஒரு சின்னத் தோடம்பழத்தை உரிப்பார். மறுமுனையில் யார் அழுதாலும் கத்தினாலும் பழம் உரிந்து முடியும்வரை வாய் திறக்கமாட்டார். பிறகு ஒரே கேள்வி: "அவருக்கு என்ன வேண்டும்?"

ஏன், எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை. ஏன் என்று கேட்டால் மனிதர்கள் தங்களை நியாயப்படுத்தத் தொடங்குவார்கள், கடைசியில் என்ன வேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் மறந்துபோகும் என்பார். நான் எதையும் ஏன் என்று கேட்டுத்தான் தொடங்குவேன். அதனால் அவரிடம் நிறைய வாங்கிக்கட்டியிருக்கிறேன்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நாங்கள் கப்பலுக்கு ஒரு தகவல் கோவை அனுப்புவோம். யாருக்குக் கச்சான்கடலை ஆகாது, யாருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது, யாருக்குக் கலியாண நாள் வருகிறது, விவாகரத்தான எந்த இருவரை ஒரே மேசையில் வைக்கக்கூடாது. பதிலுக்குக் கப்பல் முகாமையாளர், குழுவோடு போகும் எங்களிடம் ஒவ்வொரு மாலையும் ஒன்று மட்டும் சொல்வார்: யாருடைய தட்டு தொடாமல் திரும்பி வந்தது என்று.

சாப்பாட்டுக்காகவே ஓடும் கப்பலில் தொடாத தட்டுக்கு இரண்டு அர்த்தம்தான். ஒன்று, செஃப்புக்கு அவமானம். அப்போது செஃப் தொப்பியோடு வெளியே வருவார். மற்றது, வயிற்று நோய். அப்போது முகாமையாளர் கையுறையோடு வருவார். ஒடுங்கிய நடைபாதைகள் உள்ள ஆற்றுக் கப்பலில் வயிற்றோட்டம் ஒரு கதவுப்பிடியில் தொடங்கினால் அடுத்த ஊர் வருவதற்குள் எல்லா அறைக்கும் போய்விடும். ஆகவே சந்தேகம் வந்தவுடன் அந்தப் பயணி அறைக்குள் இருக்கவேண்டும். சாப்பாடு வாசலில் வைக்கப்படும். கைபிடிகள் துடைக்கப்படும். பிறகும் சாப்பிடவில்லை என்றால் அடுத்த பெரிய ஊரில் மருத்துவர் ஏறுவார். அவர் சொன்னால் மருத்துவமனை, வீட்டாருக்கும் அறிவிப்பார்கள்.

இதெல்லாம் அளவுக்கு மிஞ்சிய பயம் என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போது என் மகள் மூன்று கரண்டிக்கு முகத்தைத் திருப்பினால் நான் தாதியின் இலக்கத்தை அழுத்தியபடி நிற்கிறேன். அந்தக் கப்பலாவது இரண்டாவது தட்டுவரை பொறுத்தது.

நிஷாந்தி கேட்ட சம்பவம் நடந்த பயணத்தில் நான் கூட்டிப்போன குழுவில், மொன்றியலின் புறநகர் புரோசார்ட்டில் இருந்து வந்த நடராசா அங்கிளும் பரமேஸ்வரி அன்ரியும்தான் ஒரே தமிழர்கள். மற்றவர்கள் எல்லாரும் கியூபெக்கின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதிகள், உண்மையாகவே ஓய்வூதியம் உள்ளவர்கள். அங்கிள் மொன்றியல் பழைய நகரத்தின் பிரெஞ்சு உணவகங்களில் வேலை செய்தே வயது போனவர். சட்டி கழுவத் தொடங்கி சோஸ் காய்ச்சுவதுவரை போனவர். அவற்றில் ஒன்றின் சாப்பாட்டு மண்டபத்தில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. ஒருநாளாவது மனைவியோடு மேசையில் இருந்து, வேறு யாராவது பரிமாறச் சாப்பிடவேண்டும் என்பது அவருடைய ஆசை. மகன் கஜன் அதற்காகவே இந்தப் பயணத்தைப் பிடித்துக்கொடுத்திருந்தான், பருவக் கடைசி விலைக்கழிவில்.

திராட்சை பறித்து முடிந்து, இலை உதிர்ந்து, பார்க்க ஒன்றும் இல்லாத வாரத்தில்தான் நாங்கள் விலையைக் குறைப்போம். அந்த வாரம், தீபாவளியை ஒட்டிய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் கந்தசஷ்டி விரதத்தோடு சேர்ந்து வருகிறது என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

லியோனில் ஏறிய மறுநாள் காலை, கப்பல் சோன் ஆற்றில் வடக்கே பர்கண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, அன்ரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முழுகிய தலையைத் துவாயால் சுற்றியிருந்தார். யன்னல் ஓரத்தில் சிறிய முருகன் படம் ஒன்று சாத்தி வைத்திருந்தது. வேலுக்குப் பின்னால் இலையில்லாத திராட்சைத் தோட்டங்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

"பிள்ளை, பின்னேரத்தில ஒரு கப் சுடுபால் எடுக்கலாமோ? ஒருத்தருக்கும் சொல்லாமல்."

"ஓம் அன்ரி. ஏன், சுகமில்லையோ?"

"சுகத்துக்கு என்ன. இண்டைக்கு சஷ்டி தொடங்குது எல்லோ. பின்னேரம் பாலும் பழமும் மட்டும்தான். டொரொன்டோவில மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை கிடைக்கப்போகுது, எத்தினையோ வருஷத்துக்குப் பிறகு. அது கையில வரும்வரைக்கும் சஷ்டி விடுறேல்லை எண்டு நேந்தனான். இந்தமுறை விடேலுமோ, நீரே சொல்லும்."

"அப்ப கஜன் புக் பண்ணேக்க சொல்லியிருக்கலாமே அன்ரி."

"அவன் ஆசையாப் பிடிச்சவன். சொன்னா மனம் நொந்துபோவான். ரிக்கற்றும் திருப்பிக் குடுக்கேலாதாம்."

கப்பலில் சொல்லிவிடலாம் என்றேன். அதற்கு அன்ரி என்னைவிட ஆயத்தமாக இருந்தார். பதிவு கஜனின் பெயரில். சாப்பாட்டில் என்ன மாற்றம் செய்தாலும் தானாகவே அவனுக்கு மின்னஞ்சல் போகும். விமானத்தில் சைவச் சாப்பாடு கேட்டபோதே போனதாம். நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அந்த முறையை அமைப்பதற்கு யோசனை சொன்னதே எங்கள் அலுவலகம்தான்.

மேசைக்கு வராமல் அறையில் இருக்கலாமே என்றும் கேட்டேன். அதுவும் முடியாது. தான் வராவிட்டால் அங்கிள் தனியே இருக்கமாட்டார், அவருடைய ஆசை கெட்டுப்போகும். ஆகவே அன்ரி மேசைக்கு வந்தார். தட்டு வைத்தபோது வேண்டாம் என்று சொல்வதும் அவருக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் ஆசையாகச் சமைத்துக் கொண்டுவந்து வைப்பதை மறுப்பது எப்படி? ஒவ்வொரு தட்டுக்கும் "மெர்சி" என்று சிரித்து வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார்.

அங்கிள் தன்னுடையதைச் சாப்பிட்டு முடிப்பார். பணியாள் திரும்பும் நேரம் பார்த்துத் தட்டுகளை மாற்றுவார். பிறகு அன்ரியுடையதைச் சாப்பிடுவார். வெங்காயச் சூப், தாரா வாத்துக்கால், பாற்கட்டித் தட்டு, சிவப்பு வைனில் வேகவைத்த பேரிக்காய், எல்லாம் இரண்டிரண்டு. கிளாசும் இரண்டிரண்டு.

"அங்கிள், மெல்ல" என்றேன் பக்கத்தில் குனிந்து.

"பிள்ளை, தட்டு நிறையத் திரும்பிப் போனா உள்ளுக்கு நிக்கிறவன்ர முகம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் அதுக்குள்ள நிண்டனான்."

"இவருக்குச் சாட்டு" என்றார் அன்ரி, தண்ணீரைக் கூடத் தொடாமல்.

இவ்வளவு சின்ன உருவம் கொண்ட ஒரு பெண்மணி ஒரு துளி மிச்சம் விடாமல் சாப்பிடுகிறார் என்ற செய்தி மறுநாள் சமையலறைக்குப் போய்விட்டது. செஃப் நெகிழ்ந்துபோனார். அன்றிரவு அன்ரிக்கு மட்டும், கேட்காமலே, இரண்டாவது தாராக்கால் வந்தது. அன்ரி சிரித்து மெர்சி சொன்னார். அங்கிள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

மறுநாள் காலை ஷலோன் ஊரில், குழு முழுவதும் பஸ் ஏறக் காத்திருந்த இடத்தில், அங்கிள் கப்பலின் இறங்குபாலத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் வாந்தி எடுத்தார். அதே நேரத்தில் அன்ரியின் காலைத் தட்டு தொடாமல் உள்ளே போயிருந்தது. முகாமையாளர் றெஜிஸ் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். கையுறை அணிந்தார்.

எனக்கு இன்றும் அந்த முகாமையாளரில் கோபம் இல்லை. வாந்தி ஒன்று, தொடாத தட்டு ஒன்று, ஒரே அறை. நானாக இருந்தால் கப்பலையே திருப்பியிருப்பேன். இருவரையும் அறைக்குள் வைத்தார்கள். வாசலில் இரண்டு தட்டம் வந்தது: அவித்த சோறு, அவித்த கரட், தோல் சீவிய அப்பிள்.

முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் நின்று கதைக்க எனக்கு அனுமதி தந்தார்கள். அன்ரி யன்னலோரம் கந்தசஷ்டிப் புத்தகத்தோடு இருந்தார்.

"எனக்கு இப்பதான் நிம்மதி பிள்ளை. ஒருத்தரும் சாப்பிடு சாப்பிடு எண்டு வரேல்லை. கோயில் மடத்தில இருக்கிற மாதிரி இருக்கு."

அங்கிள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "வாழ்க்கை முழுக்க மற்ற ஆக்களுக்குச் சோஸ் காய்ச்சினனான். காசு குடுத்துக் கப்பல்ல ஏறி அவிச்ச கரட். இதை வீட்டில போன் அடிச்சுச் சொல்லவும் ஏலாது."

"சாப்பிடுங்கோவன் கொஞ்சம்."

"நீர் பேசாம இரும். உம்மட முருகன்ர வேலைதான் இது."

அவரும் தட்டத்தைத் தொடவில்லை. ஆக இப்போது சாப்பிடாத பயணிகள் இருவர். நாளை கப்பல் திரும்பவும் லியோனுக்கு வரும், மருத்துவர் ஏறுவார், சாப்பிடாவிட்டால் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்பவேண்டிவரும், மகனுக்கும் அறிவிக்கவேண்டும் என்று றெஜிஸ் சொன்னார். அதை அன்ரியிடம் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடினார்.

"ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்துவினம். பேந்து இது விரதமோ? பிள்ளை, எப்பிடியாவது என்னை இதிலயே இருக்கவிடச் சொல்லும். கஜனுக்கும் தெரியவேண்டாம்."

மேல்தளத்துக்குப் போய் ஜினெத்துக்கு எடுத்தேன். அங்கே காலை. கதிரை பின்னால் போகும் சத்தம் கேட்டது. நான் முருகன், சூரன், நேர்த்தி, அமாவாசை, மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஏன் எதற்கு என்று தொடக்கத்திலிருந்து சொன்னேன். பழம் உரிந்து முடிந்திருக்கவேண்டும்.

"அவருக்கு என்ன வேண்டும்?"

"அவிஞோனில் இறங்கும் காலைவரை சாப்பிடாமல் இருக்கவேண்டும். இறங்க முதல் சோறு சாப்பிடவேண்டும். மகனுக்குத் தெரியக்கூடாது."

"அப்படியானால் கரெம் என்று சொல்."

கரெம் என்பது கத்தோலிக்கரின் தவக்காலம். அது வசந்தத்தில் வருவது, இது வேறு சமயம், வேறு கடவுள் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"என் அம்மா நாற்பது நாள் இனிப்புத் தொடமாட்டார். அப்பா குடிக்கமாட்டார், வீட்டில் ஒருவராலும் அவரோடு இருக்கமுடியாது. அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு அம்மா இருந்திருப்பார். அவர்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லைக் கொடு. மிச்சத்தை அவர்களே விளங்கிக்கொள்வார்கள்."

முருகனைத் தவக்காலத்துக்குள் அடைப்பது சரியா, பாவமா, பொய்யா என்று படியிறங்கும்வரை யோசித்தேன். பிறகு றெஜிஸிடம் சொன்னேன்.

"கரெம்? இலையுதிர் காலத்திலா?"

"எங்களுடையது இப்போதுதான் வரும்."

"சாப்பிடாமல் இருப்பதற்காகவா இந்தப் பயணத்துக்கு வந்தார்?"

"மகன் தேதி பார்க்காமல் பதிவுசெய்துவிட்டார். அது மகனுக்குத் தெரியவேண்டாம் என்கிறார்."

"அப்படியானால் முதல் இரண்டு நாளும் அவருடைய தட்டைக் காலிசெய்தது யார்?"

கேட்டுவிட்டு அவரே அங்கிளின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

ஆனால் நோயில்லை என்பது வேறு, பொறுப்பு வேறு. சாப்பிடாத ஒருவரை மருத்துவர் பார்க்காமல் தொடர்ந்து ஏற்றிச்செல்ல முடியாது என்றார். அது நியாயம்தான். லியோனில் ஓர் இளம் பெண் மருத்துவர் ஏறினார். அன்ரியின் நாடி, சீனி, அழுத்தம் எல்லாம் பார்த்தார். பால், பழம், தண்ணீர் என்று விடாமல் எடுத்தால் தொடரலாம், தலை சுற்றினால் உடனே நிறுத்தவேண்டும் என்றார். வந்ததுதான் வந்தோம் என்று அவர் அங்கிளின் கையிலும் அழுத்தம் பார்க்கும் பட்டியைச் சுற்றினார். அதைத் திரும்பவும் ஒருமுறை சுற்றினார். பட்டர், பாற்கட்டி, வைன் மூன்றும் பயணம் முடியும்வரை நிறுத்தம்.

மருத்துவர் கதவைச் சாத்தும்வரை அன்ரி பொறுத்திருந்தார்.

"நான் உங்களையும் சேந்து விரதம் பிடியுங்கோ எண்டு தானே சொன்னனான்" என்றார் அன்ரி கடைசியில்.

"வாயை மூடும்."

ஆக, கப்பல் ரோன் ஆற்றில் தெற்கே இறங்கி, பிரான்சின் பெயர்போன தோட்டங்களை ஒவ்வொன்றாகத் தாண்டியபோது, நான் கூட்டிவந்த தம்பதியர் யன்னலோர மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். அன்ரிக்கு முன்னால் சுடுதண்ணீர். அங்கிளுக்கு முன்னால் அவித்த பயற்றங்காய். சுற்றவர எல்லாரும் கிளாசைச் சுழற்றி மணந்துகொண்டிருந்தார்கள்.

நான் கொடுத்த சொல் அதற்குள் சமையலறையில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் செஃப் தொப்பியோடு தானே ஒரு தட்டை ஏந்தி வந்தார். ஆற்று மீனை அரைத்து உருட்டி, வெள்ளை வைனும் கிரீமும் சேர்த்த சோஸில் மிதக்கவிட்டிருந்தார். "என் வீட்டில் கரெம் என்றால் மீன், மதாம்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. தன் தாயாரை நினைத்திருக்கவேண்டும்.

அன்ரி மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சஷ்டியில் மீன் வரவைத்தவள் நான். கும்பிட்டு, புரோசார்ட் பிரெஞ்சில், "அப்ரே, முசியே" என்றார். பிறகு, ஐயா என்று அர்த்தம். செஃப் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்றால் எப்போது, அப்போது என்ன சாப்பிடுவார்?

பாறணையை விளக்கினேன். ஆறு நாளும் விரதம் இருந்தவர் ஏழாம் நாள் காலை முழுகி, புதிதாகச் சமைத்த சோறும் கறிகளும் சாப்பிட்டால்தான் விரதம் முடியும். இறைச்சி, மீன், முட்டை, வைன் கூடாது. தானே செய்வதாகச் செஃப் சொன்னார். சோற்றுக்குள் எலும்பு ரசம் ஏதும் விடமாட்டீர்களே என்று கேட்டேன். "ருசிக்கு ஒரு சொட்டு" என்றார். ஒரு சொட்டும் கூடாது என்றேன். தலையாட்டினார். பருப்பு எதில் வேகும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஒரு சொட்டு வெள்ளை வைன். அது கொதிக்கப் பறந்துவிடும்" என்றார். அவர் ஏமாற்றவில்லை. இவை இல்லாமல் ஒரு சட்டி எப்படிக் கொதிக்கும் என்பது அவருக்கு மெய்யாகவே விளங்கவில்லை.

"நான் வைக்கிறன்" என்றார் அங்கிள்.

பயணிகள் சமையலறைக்குள் போகக்கூடாது. கப்பல் சட்டம். றெஜிஸ் மிகவும் மரியாதையாக மறுத்தார். இத்தனை நாள் காத்தது கடைசிச் சோற்றில் கெட்டால், நான் அன்ரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? கப்பலை விட்டு இறங்கியவுடன் பஸ், பிறகு விமானம். இடையில் அடுப்பு எங்கே?

அங்கிள் செஃப்பிடம் பிரெஞ்சில் நேரடியாகக் கேட்டார். "நாளைக் காலை உனக்கு ஓர் எக்ஸ்ட்ரா வேண்டுமா?" ஆள் குறையும் நாளில் ஒரு வேளைக்குக் கூலிக்கு எடுக்கும் கையை உணவகங்களில் அப்படித்தான் சொல்வார்கள். செஃப் றெஜிஸைப் பார்த்தார். "எனக்கு நாளை ஒரு ஆள் குறைகிறது" என்றார். யாரும் குறையவில்லை. றெஜிஸ் யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தபடி, வேலைக்கு வருபவர் கையைக் கழுவவேண்டும், வெள்ளைச் சட்டை போடவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அவிஞோனில் விடிந்தபோது மற்றப் பயணிகள் பெட்டிகளை வெளியே வைத்துவிட்டு கடைசிக் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். மண்டபம் முழுவதும் குறுவாசோன் ரொட்டி வாசனை. அதற்குள் மெல்ல மெல்ல, அன்ரியின் பெட்டியிலிருந்து போன யாழ்ப்பாணக் கறித்தூள் வாசனையும் கலந்தது. அன்ரி நனைந்த தலை, திருநீறு, பட்டுச்சேலையோடு யன்னலோர மேசையில் இருந்தார். பணியாள் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, பசளிக் கீரை, உருளைக்கிழங்குப் பிரட்டல்.

அன்ரி தொடவில்லை.

நேரம் போனது. றெஜிஸின் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு தொடாத தட்டு. வெளியே பஸ்காரர் இயந்திரத்தை இயக்கிவிட்டார். நான் ஓடிப்போனேன்.

"என்ன அன்ரி, ஏதும் பிழையோ?"

"அவர் வரட்டும்."

அங்கிள் சமையலறைக் கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன்.

"நீர் சாப்பிடும்" என்றார் அங்கிருந்தபடியே. "நான் பேந்து சாப்பிடுறன்."

"நீங்கள் வந்து இருக்காமல் நான் கை வைக்கமாட்டன்."

"கிச்சின் உடுப்போட இதில வந்து இருக்கேலாதப்பா. விடமாட்டினம்."

"அப்ப சோறு ஆறட்டும்."

வெள்ளைச் சட்டை போட்டவர்கள் சாப்பாட்டு மண்டபத்தில் உட்காருவதில்லை. அது எந்தக் கப்பலிலும், எந்த உணவகத்திலும் எழுதாத சட்டம். அங்கிள் வாழ்நாள் முழுவதும் அதற்குள் இருந்தவர், இந்த ஒரு காலைக்காக அதை மீறமாட்டார். அவர் இல்லாமல் அன்ரி ஒரு பருக்கை தொடமாட்டார். நான் நடுவில் நின்றேன், வழக்கம்போல என்ன செய்வதென்று தெரியாமல்.

றெஜிஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் போய் அன்ரிக்கு எதிரே இருந்த கதிரையை, ஒரு விருந்தாளிக்கு இழுப்பதுபோல, மெல்லப் பின்னால் இழுத்தார். கைத்துண்டை உதறி விரித்து வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து, "முசியே" என்றார்.

அங்கிள் தொப்பியைக் கழற்றினார். நடந்து வந்து உட்கார்ந்தார். பணியாள் அவருக்கும் பரிமாறினான். அன்ரி கையைச் சோற்றில் வைத்தார்.

இருவரும் சாப்பிட்டார்கள். அங்கிள் முள்ளுக்கரண்டியில் தொடங்கி, பாதியில் அதைத் தள்ளிவைத்தார். "உப்புக் காணாது" என்றார் அன்ரி ஒருமுறை. "ஆறு நாளா நாக்குச் செத்துப்போய் இருக்குது உமக்கு" என்றார் அங்கிள். இரண்டாவது முறையும் சோறு வாங்கினார்கள். பஸ்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் அன்ரியின் கைபேசி அடித்தது. கஜன். சத்தம் எனக்கும் கேட்டது.

"அம்மா, எப்பிடிச் சாப்பாடு?"

அன்ரி பக்கத்தில் தூங்கத் தொடங்கியிருந்த மனிதரைப் பார்த்தார்.

"நல்ல சாப்பாடு தம்பி. கொப்பாவும் நானும் ஒரே மேசையில இருந்து சாப்பிட்டம்."

"வைன் ஏதும் ருசி பாத்தனீங்களோ?"

"என்ர பங்கையும் கொப்பாதான் குடிச்சவர்" என்றார் அன்ரி. "அதைப் பற்றி வீட்டுக்கு வந்து கதைப்பம்."